தோற்பதற்கான உரிமை யாருக்கு இருக்கிறது? பொறியியல் கல்லூரிகளின் தொழில்முனைவுக் கல்வியும் தலித் மாணவர்களும்

வேலை தேடுபவராக இராதீர், வேலை கொடுப்பவராக மாறுங்கள். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் படித்த எவரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் பட்டம் பெற்றிருக்க வாய்ப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள்: தொழில்முனைவோர் மேம்பாட்டு மன்றம் இருக்கும், ஒன்றிய அரசு 2018 முதல் ஊக்குவித்துவரும் புத்தாக்கக் குழு இருக்கும், ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணிகளை நடைமுறைச் சிக்கல்களோடு இணைக்கும் ‘நிரல் திருவிழா’வும் நடக்கிறது. மாணவர்கள் தாங்களே ஒரு கருவியை வடிவமைக்கிறார்கள். அதைச் செய்துகொண்டே விலை நிர்ணயம், சந்தை ஆய்வு, நிறுவனப் பதிவு, காப்புரிமை ஆகியவற்றைக் கற்கிறார்கள்.

இதை நாம் குறை கூறவில்லை. மனப்பாடம் செய்து தேர்வெழுதும் கல்வியைவிட, கையால் ஒன்றைச் செய்து, அது இயங்காதபோது காரணம் தேடும் கல்வி மேலானது. உழைக்கும் சமூகங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு அது அந்நியமானதும் அன்று. நமது கேள்வி வேறு. அந்த முயற்சி தோற்றால் என்ன ஆகும்? புத்தொழில்களில் பெரும்பாலானவை தோற்கும் என்பதை அந்தப் பாடத்தை நடத்துபவர்களே முதல் வகுப்பில் சொல்லிவிடுகிறார்கள். ‘தோல்வியைக் கண்டு அஞ்சாதீர்கள்’ என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் தோல்விக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. தொழில்முனைவுக் கல்வியில் சாதி செயல்படும் இடம் அதுதான் என்று நாம் கருதுகிறோம்.

ஒரு பழைய நிறுவனத்தின் கதை

அம்பேத்கரைச் சட்ட மேதையாகவும் அரசியல் தலைவராகவும் அறிந்த நம்மில் பலர், அவர் ஒரு தொழில் தொடங்கித் தோற்றவர் என்பதை அறிந்திருப்பதில்லை. 1917இல் அவர் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி, உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்குவதற்கு இடம்கூடக் கிடைக்காமல் அவமதிக்கப்பட்டு பம்பாய் திரும்பினார். குடும்பத்தைக் காப்பாற்றத் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தார், கணக்கு எழுதினார், முதலீட்டு ஆலோசனை வழங்கும் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றவர், அந்தத் துறையில் அன்றைய பம்பாயில் ஆலோசனை சொல்ல அவரைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஆலோசகர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர். நிறுவனம் மூடப்பட்டது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது.

இன்றைய தொழில்முனைவுப் பாடம் மாணவரிடம் எதிர்பார்ப்பவை அனைத்தும் அவரிடம் இருந்தன: அறிவு, உழைப்பு, தேவையறிந்து சேவை வழங்கும் திறன். இல்லாதவை இரண்டு. ஒன்று, சாதி பாராத வாடிக்கையாளர். மற்றொன்று, அவர் வரும்வரை காத்திருக்க உதவும் குடும்பச் சேமிப்பு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

எண்கள் சொல்லும் செய்தி

தேசிய மாதிரி ஆய்வின் 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் வெளியிட்ட அட்டவணை ஒன்றை ஒவ்வொரு மாணவரும் பார்க்க வேண்டும். குறு நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 12.48 சதவீதம். சிறு நிறுவனங்களில் 5.50 சதவீதம். நடுத்தர நிறுவனங்களில் 0.00 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம்.

‘தலித்துகளிடம் தொழில் தொடங்கும் ஊக்கம் இல்லை’ என்ற வழக்கமான விளக்கத்தை இந்த அட்டவணையே மறுத்துவிடுகிறது. சிறு கடையோ, பட்டறையோ, தையலகமோ தொடங்குவதில் நம் மக்கள் பின்தங்கி நிற்பது ஓரளவுதான். தொடங்கியதை வளர்க்க வேண்டிய படியில்தான் கதவு அடைபடுகிறது. அந்தப் படியில் தேவைப்படுபவை வங்கியின் நம்பிக்கை, பெரிய நிறுவனங்களின் கொள்முதல் ஆணை, முதலீட்டாளரின் அறிமுகம். இவை யார் கையில் இருக்கின்றன என்பதற்கு 2012இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று சான்று. இந்தியாவின் ஆயிரம் முன்னணி நிறுவனங்களின் இயக்குநர்களில் ஏறத்தாழ 93 சதவீதத்தினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம் மட்டுமே என்று அது கண்டறிந்தது.

புத்தொழில் உலகில் முதலீட்டாளரைச் சந்திக்க ‘அறிமுகம்’ வேண்டும். அந்த அறிமுகம் மாமா வழியாகவோ, அப்பாவின் நண்பர் வழியாகவோ, அதே கல்லூரியில் படித்த மூத்தவர் வழியாகவோ வருகிறது. இப்படித் தனித்தனியாகப் பார்த்தால் நட்பாகவும் உறவாகவும் தெரிவதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் சாதி தெரியும்.

திட்டப்பணிக்குள் நுழையும் சாதி

நிறுவனம் தொடங்கும் நாளில்தான் இந்த வேறுபாடு தோன்றுகிறது என்று எண்ண வேண்டியதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியிலேயே அது தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலான கல்லூரிகளில் மூன்று அல்லது நான்கு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து திட்டப்பணி செய்கிறார்கள். மைக்ரோகன்ட்ரோலர் பலகை, உணரிகள், மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் செலவைக் குழுவினர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு மோட்டார் எரிந்துபோனால் மறுநாளே இன்னொன்றை வாங்கக் கூடியவர் புதிய வடிவமைப்பைச் சோதித்துப் பார்க்கத் துணிவார். உதவித்தொகை எப்போது வங்கிக் கணக்குக்கு வரும் என்று காத்திருப்பவர், எரியாத வடிவமைப்பைத்தான் தேர்வு செய்வார். அதாவது ஏற்கெனவே பிறர் செய்து முடித்ததைத் தேர்வு செய்வார். பிறகு மதிப்பீட்டுக் குழு அவரிடம் “இதில் புதுமை எங்கே?” என்று கேட்கும்.

சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற நகரங்களில் ஆயத்தத் திட்டப்பணிகளை விற்கும் கடைகள் வெளிப்படையாகவே இயங்குகின்றன. அங்கே பணம் கொடுத்து வாங்குவதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. ஆய்வகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் கல்லூரியில், பட்டறையும் தனியறையும் இல்லாத வீட்டிலிருந்து வரும் மாணவர் எங்கே அமர்ந்து கருவியைச் செய்வார் என்ற கேள்விக்குக் கல்லூரி நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனத்துக்கு உரியது. சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் விளக்கினார். நான்கு பேர் கொண்ட ஒரு மாணவர் குழுவிலும் அது நடக்கலாம். பற்றவைப்பவர், கம்பி இணைப்பவர், பொருள் வாங்க அலைபவர் ஒருவர். ஆங்கிலத்தில் பேசி நடுவர்கள் முன் விளக்குபவர் வேறொருவர். பேசுபவரே ‘நிறுவனர்’ என்று அறியப்படுகிறார். தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வந்த மாணவரின் கைத்திறன் பரிசுச் சான்றிதழில் கடைசிப் பெயராக நிற்கிறது. காப்புரிமை விண்ணப்பத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்பதை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

பட்டத்துக்குப் பின்வரும் ஓராண்டு

திட்டப்பணி பரிசு பெற்றுவிட்டதாகவே கொள்வோம். அதன்பின் அது ஒரு விற்பனைப் பொருளாக மாறுவதற்குப் பல படிகள் உள்ளன. முன்மாதிரியைக் களத்தில் சோதிக்க வேண்டும். அங்கே அது பழுதாகும். இரண்டாம் வடிவம் செய்ய வேண்டும். தரச்சான்று பெற வேண்டும். நம்பி வாங்கும் முதல் வாடிக்கையாளரைத் தேட வேண்டும். அவர் பணம் தரும்வரை காத்திருக்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்பிறகும் தொகை வராமல் தவிக்கும் சிறு தொழில்முனைவோரை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம். இந்தப் படிகளைக் கடக்கக் குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வருமானம் இல்லை.

அதே ஓராண்டில் வேறொரு கடிகாரமும் ஓடுகிறது. வங்கிகளின் கல்விக்கடன் விதிகளின்படி படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் முடிந்தபின் தவணை தொடங்கும். பொறியியல் மாணவர் ஜூன் மாதம் பட்டம் பெற்றால், அடுத்த ஜூனில் வங்கியிலிருந்து அழைப்பு வரும். தவணை தவறினால் கடன் மதிப்பெண் குறையும். கடன் மதிப்பெண் குறைந்தவர் தொழில்கடன் கேட்டு அதே வங்கிக்குத்தான் போக வேண்டும். படிப்பதற்கு வாங்கிய கடன், படித்ததைக் கொண்டு தொழில் செய்ய வாங்கும் கடனை அடைத்துவிடுகிறது.

வீட்டின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தது முதல் மாதச் சம்பளத்துக்காக. தங்கையின் படிப்பும் தந்தையின் மருத்துவமும் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கின்றன. ‘ஒரு வருடம் பொறுங்கள், ஒன்றைச் செய்து பார்க்கிறேன்’ என்று சொல்லும் உரிமை முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இல்லை. நிலம், வீடு, குடும்பத் தொழில் உள்ள மாணவருக்குத் தோல்வி ஓர் அனுபவம். அவர் அடுத்த நிறுவனத்தைத் தொடங்கும்போது அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வார். நம் மாணவருக்கோ அதே தோல்வி குடும்பத்தின் கடனாகிறது. பாடத்திட்டத்தில் இருவருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே அறிவுரை.

பாதாளச் சாக்கடையும் பொறியியல் மாணவரும்

மாணவர்களின் திட்டப்பணி உண்மையிலேயே சமூகத்துக்குப் பயன்பட்ட இரண்டு நிகழ்வுகளை நோக்குவோம். இரண்டும் நம் மக்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையவை.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மரணங்கள் நிற்கவில்லை. இந்தப் பின்னணியில், கேரளத்தின் குற்றிப்புறத்தில் உள்ள பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் ‘ஜென்ரோபோட்டிக்ஸ்’ என்ற நிறுவனத்தின் வழியாக, ஆள்நுழை குழிக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் ‘பேண்டிகூட்’ இயந்திரத்தை உருவாக்கினர். பெருச்சாளி என்பதே அந்தப் பெயரின் பொருள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் கும்பகோணம், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களுக்கும் வந்தது. அவர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடாமலே ஒன்றைச் சொல்லலாம்: கேரள அரசின் புத்தொழில் இயக்கமும் கேரள நீர்வளத் துறையின் குடிநீர் ஆணையமும் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் துணை நின்றன. சோதிக்கக் களமும், வாங்க ஆளும் இருந்ததால்தான் திட்டப்பணி நிறுவனமாயிற்று.

இரண்டாவது, சென்னை ஐஐடியில் உருவான ‘ஹோமோசெப்’. மலக்குழித் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் இந்த இயந்திரம், பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில் முதுகலை மாணவர் ஒருவரின் இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தொடங்கியது. ‘சோலினாஸ்’ என்ற புத்தொழில் நிறுவனமும் ‘சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்’ அமைப்பும் இதில் இணைந்தன. 2022இல் முதற்கட்ட இயந்திரங்கள், இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் வழிநடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. இயந்திரம் யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்ற கேள்வியை இந்த முயற்சி எழுப்பியது என்பதே இதன் முக்கியத்துவம்.

அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது. குழிக்குள் எந்த ஆழத்தில் நச்சுக்காற்று தேங்கும், எந்த வகை அடைப்பை எப்படி எடுக்க வேண்டும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துப் பெற்ற அறிவு. அதைக் கேட்டறியாமல் எந்தப் பொறியாளராலும் அந்த இயந்திரத்தை வடிவமைத்திருக்க முடியாது. ஆனால் அறிவைத் தந்தவர் ‘பயனாளி’ என்றும், அதை வரைபடமாக்கியவர் ‘கண்டுபிடிப்பாளர்’ என்றும் அழைக்கப்படுகிறார். தூய்மைப் பணியாளரின் மகளோ மகனோ அந்த வரைபடத்தை வரையும் இடத்தில் அமர்ந்தால் இந்தப் பிரிவினை உடையும். அதற்காகவே தலித் மாணவரின் தொழில்முனைவு நமக்கு ஒரு தனிமனித முன்னேற்றக் கதையைவிடப் பெரிய விஷயமாகிறது.

திட்டங்கள் உண்டு, இடைவெளியும் உண்டு

அரசுத் திட்டங்களே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. 2016 ஏப்ரலில் தொடங்கிய ‘ஸ்டாண்ட்-அப் இந்தியா’, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அம்பேத்கர் சமூகப் புத்தாக்க இயக்கம், தொழில் வளர் காப்பகங்களில் உள்ள பட்டியல் சாதி இளைஞர்களின் ஆயிரம் புதிய சிந்தனைகளைக் கண்டறிந்து, தேர்வானவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய் பங்கு மூலதனம் தருவதாக உறுதியளித்தது. தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் புத்தொழில் நிதி 2022-23இல் 30 கோடி ரூபாயுடன் தொடங்கி, அடுத்த ஆண்டு 50 கோடியாக உயர்த்தப்பட்டது. 2023-24இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் அளிக்கிறது.

இவை போராடிப் பெற்றவை, பாதுகாக்கப்பட வேண்டியவை. ஆனால் இவற்றின் பொதுவான அமைப்பைக் கவனியுங்கள். கடன், மானியம், பங்கு மூலதனம் ஆகிய மூன்றும் ஒரு நிறுவனத்துக்குத் தரப்படுபவை; இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் விற்பனைக்கும் ஆனவை. நிறுவனம் உருவாவதற்கு முன்னால், பட்டம் பெற்ற இளைஞர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி, கருவியைச் சோதித்துக்கொண்டிருக்கும் அந்தப் பன்னிரண்டு மாதங்களை இவை தொடுவதில்லை. அந்த மாதங்களைக் கடக்க முடியாதவர் இந்தத் திட்டங்களின் வாசலையே அடைவதில்லை. பின்னர் ‘தகுதியான விண்ணப்பங்கள் வரவில்லை’ என்ற காரணத்தோடு நிதி திரும்பிப் போவதற்கும் வழி ஏற்படுகிறது.

வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருவது புதிய சிந்தனையும் அன்று. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி’ திட்டத்தின்கீழ், வேலைக்குப் போகாமல் தொழில் தொடங்க முயலும் பட்டதாரிகளுக்கு மாதம் 30 ஆயிரம் ரூபாய் வரை உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில வளர் காப்பகங்கள் வழியாகவே அது கிடைக்கிறது. அவை பெரும்பாலும் பெருநகரங்களிலும் முன்னணிக் கல்வி நிறுவனங்களிலும் உள்ளன. விழுப்புரத்திலோ திருவாரூரிலோ ஒரு சாதாரணத் தனியார் கல்லூரியில் படித்தவருக்கு அந்தப் பெயர்கூட எட்டுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, ஓராண்டு வாழ்வூதியம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவதை அது சட்டக் கடமையாக்குகிறது. அந்த நிதியிலிருந்து, மதிப்பீட்டில் தேறிய திட்டப்பணியை உடைய பட்டியல் சாதி, பழங்குடிப் பொறியியல் பட்டதாரிகளுக்கு ஓராண்டுக்கு மாத உதவித்தொகை வழங்க வேண்டும். முயற்சி தோற்றால் திருப்பிக் கேட்கக் கூடாது.

இரண்டாவதாக, அந்த ஓராண்டுக்குக் கல்விக்கடன் தவணையைத் தள்ளிவைத்து, அக்கால வட்டியை அரசே ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, கொள்முதல். ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருட்களில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் அந்த இலக்கு கைகூடவில்லை. பேண்டிகூட்டின் கதை காட்டுவதுபோல, புதிய பொருளுக்கு முதல் வாடிக்கையாளராக இருக்க அரசால் முடியும். மாநகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் மாணவர்களின் கருவிகளைச் சோதிக்கக் களம் தர வேண்டும்; பயன்பட்டால் வாங்க வேண்டும்.

நான்காவதாக, கணக்கு. பொதுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு வளர் காப்பகமும் தன்னிடம் உள்ள நிறுவனர்கள், வழிகாட்டிகள், தேர்வுக்குழு உறுப்பினர்கள் ஆகியோரின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மறைக்கப்படும் எண்ணைக் கொண்டு யாரும் உரிமை கோர முடியாது.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடியவை

கோரிக்கைகள் நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள விதிகளை அறிந்துகொள்வதே ஒரு போராட்டக் கருவி. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான 2019ஆம் ஆண்டுத் தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை, புத்தொழில் முயற்சியையே இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்கவும், வருகைப்பதிவில் தளர்வு தரவும், ஓர் ஆண்டு இடைவெளி விட்டுப் படிப்பைத் தொடரவும் கல்லூரிகளுக்கு வழிகாட்டுகிறது. கல்லூரி தன் வசதிகளுக்காகப் பங்கு கேட்டாலும் அது 2 முதல் 9.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. உங்கள் கல்லூரி இக்கொள்கையை ஏற்றிருக்கிறதா என்று எழுத்து வழியாகக் கேளுங்கள். அரசுக் கல்லூரியாகவோ பல்கலைக்கழகத் துறையாகவோ இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்கலாம்.

கருவியைக் கண்காட்சியில் வைப்பதற்கோ கட்டுரையாக வெளியிடுவதற்கோ முன்பு காப்புரிமையைப் பற்றி யோசியுங்கள். பகிரங்கமாகிவிட்ட ஒன்றைப் புதியது என்று நிறுவுவது கடினம். தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கும். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையில் உங்கள் பெயர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். எந்த நாளில் எந்தப் பகுதியை யார் செய்தார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் குழுவினரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். பின்னாளில் சான்று தேவைப்பட்டால் அந்தக் குறிப்பேடுதான் பேசும்.

கைவேலை தெரிந்தவர் பேசவும் பழக வேண்டும். விடுதியிலோ படிப்பு வட்டத்திலோ, தமிழிலேயே தொடங்கி, உங்கள் கருவியைப் பத்து நிமிடத்தில் விளக்கிப் பழகுங்கள். இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பணியில் உள்ள தலித் பொறியாளர்களையும் வங்கி ஊழியர்களையும் பட்டயக் கணக்கர்களையும் இந்த மாணவர்களோடு இணையுங்கள். பிறருக்கு உறவின் வழியாகக் கிடைக்கும் அறிமுகம் நம் மாணவர்களுக்கு அமைப்பின் வழியாகத்தான் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை

தொழில்முனைவைப் பற்றி நமது இயக்கங்களுக்குள் இருக்கும் ஐயத்தையும் நாம் மதிக்கிறோம். சில தலித்துகள் முதலாளிகளாவதால் சாதி ஒழிந்துவிடாது. அரசுப் பணியிடங்களை நிரப்பாமல், பொதுத்துறையைச் சுருக்கி, இடஒதுக்கீடு செயல்படும் பரப்பையே குறைத்துவிட்டு, ‘நீங்களே தொழில் தொடங்குங்கள்’ என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். தொழில்முனைவு இடஒதுக்கீட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்படும்போதெல்லாம் நாம் எதிர்க்க வேண்டும். காலியிடங்களை நிரப்பக் கோரும் போராட்டமும், ஓராண்டு வாழ்வூதியம் கோரும் போராட்டமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. இரண்டுமே பொதுச் செல்வத்தில் நமக்குரிய பங்கைக் கேட்பவை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வக அலமாரிகளில் நூற்றுக்கணக்கான முன்மாதிரிகள் வைத்துப் பூட்டப்படுகின்றன. அவற்றில் சில, நம் தெருக்களின் குடிநீரையோ, நம் பெற்றோரின் வேலைச் சுமையையோ, நம் உறவுகளின் உயிரையோ மாற்றக்கூடியவை. அவற்றைச் செய்தவர்களில் யார் அந்த ஜூன் மாதத்தில் தொடர்ந்து முயல்கிறார், யார் கிடைத்த வேலைக்கு ஓடுகிறார் என்பதைத் தீர்மானிப்பது திறமையாக இருக்க வேண்டும். இன்று அதைத் தீர்மானிப்பது வீட்டின் சேமிப்பு. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக இந்த ஓராண்டுக் கோரிக்கையை மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து வடிவில் கொண்டு சேர்க்க வேண்டும்.